கொதித்தாலும் சாகாத நஞ்சு

"பாலைக் காய்ச்சிவிட்டோம், பயம் போயிற்று" என்கிறார்கள் நம் வீட்டுத் தாய்மார்கள். காய்ச்சத்தான் வேண்டும், பச்சைப்பால் பக்கமே போகவேண்டாம். ஆனால் தோழர்களே, கொதிக்கும் பாலில் கிருமி சாகும். அது கக்கி வைத்த நஞ்சும் சாகுமா?

மடிநோய் கண்ட மாட்டின் பாலில் ஸ்டாபிலோகாக்கஸ் எனும் கிருமி குடியேறுகிறது. பால் குளிராமல் நின்றால் கோடி கோடியாய்ப் பெருகுகிறது. அவற்றில் சில வகை சுரக்கும் நஞ்சு, கொதிப்புக்கும் அஞ்சாதது. ஜப்பானில் நடந்தது தெரியுமா? 2000-ஆம் ஆண்டு, ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் எனும் பெரும் நிறுவனத்தின் ஆலையில் மின்சாரம் தடைப்பட்டது. பால் வெதுவெதுப்பாகவே நின்றது. பிறகு சூடேற்றினார்கள். கிருமி மாண்டது, நஞ்சு மாளவில்லை! அந்தப் பாலில் செய்த மாவு ஒசாகா ஆலைக்குப் போய்ப் பாலாக வெளிவந்தது. 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். இயந்திரத்தில் இமயம் ஏறிய நாட்டுக்கே இந்தக் கதி என்றால், அன்னூர் வெயிலில் வண்டிக்குக் காத்து நிற்கும் பால் கேனுக்கு என்ன கதி?

மடிநோய்க்கு மருந்து ஊசி. குணம் தெரிந்ததும் பாதியில் நிறுத்தினால், பிழைத்த கிருமி அந்த மருந்தையே எதிர்த்து நிற்கப் பழகுகிறது. பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்ற மேடையிலேயே இதை எச்சரித்தார். பழகிய கிருமி கறப்பவர் கையில் ஏறும், சாணத்தில் கலக்கும், வயலுக்குப் போகும். நாளை நம் பிள்ளையின் புண்ணுக்கு அதே மருந்து பயன்படாமற் போகும்.

மருந்தின் எச்சமோ பாலிலேயே தங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஆராய்ந்த 6,432 மாதிரிகளில் 77-இல் அது வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-இல், பூசணம் பிடித்த தீவனத்தால் வரும் அப்ளாடாக்சின் மிகுந்திருந்தது. நம் மாநிலம் என்பதற்காக மறைப்பானேன்?

உடனே உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சிலர் துடிக்கிறார்கள். ஊசி போட்டால், குறித்த நாள் கழியும்வரை அந்த மாட்டின் பாலை விற்கக்கூடாது என்பது விதி. நல்ல விதி! இரண்டே மாடு வைத்திருக்கும் சூலூர்க் குடியானவன் பாலைக் கீழே கொட்டிவிட்டுப் பிண்ணாக்குக்கு எங்கே போவான்? சொசைட்டியில் கொழுப்பை அளந்து காசு தருகிறார்கள், கொழுப்பல்லாத திடப்பொருளை அளந்து தருகிறார்கள். கொட்டிய பாலுக்கு யார் தருவார்?

அறிவுக்கா பஞ்சம்? நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு கரைசலோடு பாலைக் கலந்தால், மடிநோய்ப் பால் கூழாய்த் திரண்டு காட்டிக்கொடுக்கும், தொழுவத்திலேயே செய்துவிடலாம். பணம்தான் தயங்குகிறது.

பால் ஊற்றும் தோழர்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து மூன்றைக் கேளுங்கள்: ஊசி நாட்களின் பாலுக்கு ஈட்டுத்தொகை, வாரம் ஒரு மடிச்சோதனை, மின்வெட்டிலும் ஓடும் குளிர்கலன். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.