வீட்டுத் தோட்டத்து மூங்கில் எந்த ஜாதி?

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நமது ஜில்லாவில் மறந்தவர் ஒருவரும் இரார். காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் முதலிய ஊர்ப்புறங்களில் வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் மூழ்கடித்தது. அதுமுதல் கரையோரத்தில் நிலமுடையோர் பலருக்கு, வாய்க்கால் கரைகளிலும் தோட்டத்து எல்லைகளிலும் மூங்கில் வைத்து மண்ணரிப்பைத் தடுக்கவேண்டும் என்னும் எண்ணம் உண்டாகியிருக்கிறது. எண்ணம் நல்லதே. மூங்கில் வேர் மேல்மண்ணைப் பின்னிப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மூங்கிலை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், அண்டை வீட்டுக் கொல்லையில் ஒரு புதர் இருக்கிறது, அதில் நாலு கன்று பெயர்த்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. அந்தப் புதர் என்ன ஜாதி என்று மேலும் வினவினால் விடையில்லை.

பெயர் தெரியாத புதரிலிருந்து ஒரு கன்றேனும் பெயர்க்கலாகாது என்பது எனது திடமான அபிப்பிராயம். நெல்லில் வகை தவறினால் நஷ்டம் ஒரு போகத்தோடு தீரும். மூங்கிலோ வைத்தவன் காலத்திற்குப் பின்னும் அதே இடத்தில் நிற்கும். அதனை வேரோடு எடுப்பது வைப்பதைவிடப் பன்மடங்கு செலவு.

வியாபாரப் பெயர்களை நம்புவதும் ஆபத்தே. பொன் மூங்கில் என்று இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, மஞ்சள் கழியில் பச்சைக் கோடுகள் ஓடும் பாம்பூஸா வல்காரிஸ். இது புதராக ஓரிடத்தில் நிற்பது. மற்றது சீன தேசத்துப் பில்லோஸ்டாகிஸ் ஆரியா. இதன் கிழங்கு மண்ணுக்குள் ஓடிச் சென்று, தூரத்தில் முளை விடும். இரண்டுக்கும் பெயர் ஒன்றாயினும் அண்டை நிலத்தாருக்கு விளையும் பலன் ஒன்றல்ல. அதிர்ஷ்ட மூங்கில் என்று கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து விற்பது மூங்கிலே அன்று; அது டிரசீனா என்னும் வேறு குடும்பத்துச் செடி.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கவனமுடையவர்களாக இருந்தனர். குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களின் வரிசையில் வேரல், உந்தூழ் என இரண்டு மூங்கில்கள் தனித்தனியே சொல்லப்படுகின்றன. உரைகாரர் முன்னதைச் சிறுமூங்கில் என்றும் பின்னதைப் பெருமூங்கில் என்றும் பிரித்தனர். திருநெல்வேலிக்கு வேணுவனம் என்ற பெயரும், நெல்லையப்பர் கோயிலுக்கு மூங்கிலே தலவிருட்சம் என்பதும் யாவரும் அறிந்ததே. மூங்கிலிலும் முத்துப் பிறக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு, கணுவிடையில் இறுகிக் கிடைக்கும் மூங்கிலுப்பே காரணமாயிருக்கலாம் என்று நினைக்கிறேன். அது மணற்சத்தேயன்றி முத்தன்று. முத்துக் கரையில் வாழும் நமக்கு அவ்வேற்றுமையைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, ஜாதியை அறியும் விதம். மற்றச் செடிகளைப் பூவைக் கொண்டு அறிகிறோம். மூங்கிலோ பல வருஷங்களுக்கு ஒருமுறையே பூப்பது. சில பூப்பதே அரிது. இலையோ பல ஜாதிகளில் ஒன்றுபோலவே இருக்கும். சென்னை மாகாண வன இலாகாவில் உத்தியோகம் பார்த்த காம்பிள் என்பவர் 1896-ல் இந்திய மூங்கில்களைப்பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் முக்கியமாகக் கவனித்த உறுப்பு, இளமுளையைப் போர்த்திக்கொண்டு வரும் உறையாகும். முளை வளர்ந்து கழியானதும் இவ்வுறை கழன்று விழுந்துவிடும். தோட்டக்காரர் அதைக் கூட்டிக் குப்பையில் எறிவார். புதரின் ஜாதியைச் சொல்லும் சாட்சியம் அதுவே.

உறையில் பார்க்கவேண்டியவை சில. அதன் வெளிப்புறத்துச் சுணை என்ன நிறம், அடர்த்தியா, உதிர்வதா? உச்சியிலுள்ள சிறு இலை முக்கோணமாக நிமிர்ந்து நிற்கிறதா, பின்புறம் மடிகிறதா? அச்சிற்றிலையின் இரு பக்கத்திலும் காதுகள்போன்ற மடல்கள் உண்டா, அவற்றில் மயிர் உண்டா? அடிக்கணு உறையும் நுனிக்கணு உறையும் சிறிது வேறுபடுமாகையால், தரையிலிருந்து ஐந்தாம் ஆறாம் கணுக்களின் உறையை எடுப்பது நலம். சுணை கையில் ஏறினால் அரிக்கும். துணி சுற்றிக்கொண்டு எடுக்கவும்.

ஆழ்வார்திருநகரியில் ஆற்றுக்கு அண்மையான ஒரு வீட்டுத் தோட்டத்துப் புதரை இவ்விதம் பார்த்தோம். அது பெருமூங்கில்தான், தண்ணீர் வளத்தால் முள் உதிர்ந்துவிட்டது என்பது வீட்டுக்காரர் கொள்கை. கல் மூங்கில் என்றார் அண்டை வீட்டார். கழியை வெட்டினால் உள்ளே பொள்ளல். அதனால் மட்டும் கல் மூங்கிலன்று என்று தள்ளிவிட முடியாது. வறண்ட நிலத்தில் கெட்டியாக வளரும் கல் மூங்கில், ஈரமான மண்ணில் உட்பொள்ளலாக வளர்வதுண்டு. உறை வழக்கைத் தீர்த்தது. கருங்கபில நிறச் சுணை, நிமிர்ந்த முக்கோணச் சிற்றிலை, இருபுறமும் மயிரோடு கூடிய உருண்ட பெரிய காதுகள். கல் மூங்கிலிலும் முள் மூங்கிலிலும் இத்தகைய காதுகள் இல்லை. சற்றே கோணிச் செல்லும் பச்சைக் கழியும், அடிக்கணுக்களைச் சுற்றிய வேர்வளையங்களும் இதனோடு ஒத்துவந்தன. அது பாம்பூஸா வல்காரிஸின் பச்சை வகை. உஷ்ண தேசங்கள் எங்கும் மிகுதியாக வளர்க்கப்படுவது.

இதனால் வீட்டுக்காரர் அறிந்துகொண்டது யாது? வாய்க்கால் கரைக்கு இது தகும். முள்ளில்லாததால் தூர்வாருவோருக்கும் தடையில்லை. விதைக்குக் காத்திருக்கவேண்டுவதில்லை, கணுவுள்ள கழித்துண்டுகளே வேர்விடும். ஆனால் வாழைக்கு ஊன்றுகோலாக வெட்டி அப்படியே அடுக்கினால், கழியிலுள்ள மாவுச்சத்தை நாடி வண்டு துளைத்துச் சில மாதங்களில் உளுத்துப்போகும். வெட்டிய கழிகளைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தும் பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளவேண்டும். ஊன்றுகோலே முக்கியம் என்பவர், மேட்டு நிலத்தில் கல் மூங்கில் வைப்பதே மேல். அப்புதர் முள் மூங்கிலாக இருந்து, அதனை எல்லையில் வைத்திருந்தாலோ, பத்து வருஷத்தில் கழி எடுக்கவும் நுழைய முடியாது. அண்டை நிலத்தாரோடு வழக்கும் வரும்.

பூக்கும் காலமும் ஜாதியைப் பொறுத்ததே. முள் மூங்கில் 30 முதல் 50 வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, பட்டுப்போகும். ஒரே தாய்ப்புதரின் கன்றுகளால் கரை முழுவதும் நிரப்பியவர் அத்தனையையும் சேர்ந்தாற்போல் இழக்க நேரிடும். மிஜோராமில் சுமார் 48 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் மெலோகன்னா என்னும் மூங்கில் 1958-59-ல் காய்த்தபோது எலிகள் பெருகித் தானியத்தை அழித்துப் பஞ்சம் உண்டாயிற்று. நமது பக்கத்தில் அவ்வளவு பெரிய மூங்கிற்காடு இல்லையாயினும், மூங்கிலரிசி விழும் வருஷத்தில் அருகிலுள்ள நெல்வயலுக்கு எலிக்காவல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் மூங்கில் என்று மாத்திரம் எழுதாமல், ஜாதியையும், நட்ட வருஷத்தையும், பட்டா நிலமா புறம்போக்கா என்பதையும் குறிப்பது அவசியம். 2017-ல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, வனமல்லாத நிலத்து மூங்கில் மரம் என்ற கணக்கிலிருந்து நீங்கிற்று. நமது மாநிலத்திலோ 1882-ம் வருஷத்து வனச் சட்டம் தனியே இருக்கிறது. ஆகையால் வெட்டி வண்டியேற்றுமுன் வன அதிகாரியைக் கேட்டுக்கொள்வதே முறை. அவ்வேளையில் தோட்டத்தில் வளர்ந்த மூங்கில் இது என்று காட்ட, மேற்படி குறிப்பு உதவும்.

நாமே தீர்மானிக்க இயலாத மாதிரிகளைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு அனுப்பலாம். வடகிழக்குப் பருவமழையில் புதுமுளை எழும்போதே உறையைச் சேகரிக்கவும். பழைய செய்தித்தாளில் இரண்டு உறைகளை விரித்து அழுத்தி உலர்த்தி, இலையுள்ள ஒரு கிளையும், கணுவோடு ஒரு சாண் கழித்துண்டும் சேர்த்து, எத்தனையாவது கணுவின் உறை, எந்த ஊர், எந்தத் தேதி என்பதைப் பென்சிலால் எழுதி வைக்கவும். மை ஈரத்தில் கலைந்துவிடும்.