எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஊறவைக்கலாமா?

பழைய புல்லட்டை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பெயின்டை எடுக்க எல்லா பாகங்களையும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டுவிட்டால் என்ன? செலவும் குறைவு, கையும் வலிக்காது. சில பாகங்களுக்கு இது நல்ல யோசனை. மற்றவற்றை ஒரே இரவில் நாசமாக்கிவிடும்.

திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் தயாரான பழைய புல்லட் எஞ்சினில் சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு. ஹெட்டும் கிரான்க் கேஸும் அலுமினியம். காஸ்டிக் சோடா வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. பெயின்டில் இருக்கும் எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றி இளக்கிவிடும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். அலுமினியத்தின் கதை வேறு. அதன் மேல் இயல்பாகவே படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம். காஸ்டிக் முதலில் அந்தக் கவசத்தைக் கரைக்கிறது, அடுத்து உலோகத்தையே தின்கிறது. தொட்டியில் பொங்கி வரும் குமிழிகளைப் பார்த்து ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. அது ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் எரியும். பேக்கிங் உட்காரும் முகமும் பேரிங் இறங்கும் துளையும் அளவு மாறிவிட்டால் எந்தப் பெயின்டும் அதை மீட்காது. துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டருக்கும் இதே கதிதான்.

எனவே முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காக அலுமினியம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் கிரான்க் கேஸ் மெக்னீசியக் கலவை. அதை அரைக்கும்போது பறக்கும் தூள் தீப்பிடிக்கும்.

அலுமினியத்துக்கு ஏற்றது பெயின்ட் ரிமூவர். ஆனால் எது? வேகமாக வேலை செய்யும் பழைய வகைகளில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. 40 டிகிரியிலேயே அது கொதித்துவிடும்; நம் ஊர் மே மாத வெயிலுக்கு அவ்வளவுதான் தேவை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கி நிற்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். பலர் உயிரிழந்த பிறகு, பொதுமக்களுக்கு இதைப் பெயின்ட் ரிமூவராக விற்க அமெரிக்கா 2019இல் தடை விதித்தது. முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. பென்சைல் ஆல்கஹால் கலந்த வகை மெதுவாகத்தான் வேலை செய்யும். பூசிவிட்டு, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

சாண்ட் பிளாஸ்டிங் பற்றியும் கேட்கிறார்கள். ஆற்றுமணலைப் பீய்ச்சினால் பறக்கும் சிலிகாத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். கண்ணாடி மணிகள் மேல். ஆனால் எந்தத் துகளாக இருந்தாலும் எண்ணெய் ஓடும் துளைகளில் ஒன்றிரண்டு தங்கினால் போதும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேரிங்கை அரைத்துவிடும். துளைகளை அடைத்துவிட்டுத்தான் பீய்ச்ச வேண்டும். முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்துப் பார்க்க வேண்டும். இரும்பு வயர் பிரஷ் அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிடும், பின்னால் அங்கே துருப்புள்ளி தெரியும். அதற்குப் பித்தளை பிரஷ் போதும்.

பெயின்ட் போன பிறகு தாமதிக்கக் கூடாது. கடற்காற்று வீசும் ஊரில் வெறும் வார்ப்பிரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை தட்டும். கழுவி, உலர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி அன்றைக்கே அடித்துவிடுங்கள். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் வேண்டும்; சாதாரண பிரைமர் அதில் பிடிக்காமல் உரிந்து வரும். பேரலுக்கான சூடு தாங்கும் பெயின்டில் பல வகை பிரைமர் இல்லாமல் நேராக உலோகத்தின் மேலேயே அடிப்பவை. சூடேறினால்தான் முழுதாக இறுகும். எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் என்பது டின்னிலேயே இருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.