மேப்பிளும் காயாவும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுமனை கட்டுவோர் வாசலில் ஜப்பானிய மேப்பிள் வைக்க ஆசைப்பட்டால், அது பணத்தோடு மரத்தையும் சேர்த்து வீணடிப்பதுதான். இலையுதிர்த்து உறங்கச் சில மாதக் கடுங்குளிர் வேண்டிய மரம் அது. இங்கோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கத்திரி வெயிலில் 40-ஐத் தொடும் அனல்காற்று அந்த மெல்லிலைகளின் ஓரத்தைக் கருக்கிவிடும். நிழலில், தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள். நிழல் வெயிலைத் தடுக்கும், குளிரைக் கொண்டுவராது. குளிர்பதன அறையிலோ வெளிச்சம் போதாது. சிவப்பு இலைதான் வேண்டுமென்றால் அரசும் இலுப்பையும் துளிர்க்கும்போது செம்பு நிறம் காட்டுகின்றன. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை. இரண்டும் பெருமரங்கள், சிறுமனைக்கு ஆகாது என்பது நியாயமான மறுப்பு. அதற்குக் காயா இருக்கிறது. மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் தானாக வளரும் சிறுமரம்; கிளையை ஒட்டி நீலப்பூ அப்பும், ஆண்டு முழுதும் பச்சை மாறாது. மெதுவாகத்தான் வளரும், உண்மை. மேப்பிள் மட்டும் என்ன ஓடியா வளர்கிறது? 1968-இல் தொடங்கிய ஆரோவில், வெறும் செம்மண் மேட்டில் இத்தகைய உள்ளூர் மரங்களையும் கொண்டு காடு எழுப்பியிருக்கிறது.