உழைக்க மனமில்லாதவனும் உழைக்க வழியில்லாதவனும்



உதவிப் பணத்துக்குப் பேர் எழுதப் போனால், இப்பொழுதெல்லாம் சிலர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அவன் வேலைக்கே போகிறதில்லையே, அப்படிப்பட்டவனுக்குச் சோறு போடாதே என்று வேதத்திலேயே இருக்கிறதே" என்கிறார்கள். மாதா கோயில் பக்கமே போகாதவர்கள்கூட இந்த ஒரு வசனத்தை மட்டும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருக்கிறார்கள். இடுப்பு விழுந்து படுத்துவிட்ட ஒரு பால்வெட்டுக்காரரின் குடும்பத்துக்காகப் பட்டியல் எடுத்தபோதும் இதே பேச்சு வந்தது. சொன்னவர் நல்ல மனிதர்தான், சந்தா தவறாதவர். அவரைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. நம் சங்கத்தில் எல்லா மதத்தாரும் இருக்கிறோம். ஆனால் வேதத்தைச் சாட்சிக்கு அழைத்த பிறகு, அந்த வேதம் உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த வசனம் தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்குப் பவுலடியார் பேரால் எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தில் உள்ளது. கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் இவரைச் சின்னப்பர் என்பார்கள். ஆண்டவர் சீக்கிரமே திரும்பி வரப் போகிறார், இனி வேலை எதற்கு என்று அச்சபையில் சிலர் கையைக் கட்டிக்கொண்டு, பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிட்டுத் திரிந்தார்கள் என்று பலரும் விளக்கம் கூறுவர். அவர்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பு. சொல்லைக் கூர்ந்து கவனியுங்கள். வேலை இல்லாதவனைப் பற்றி அங்கே பேச்சில்லை. வேலை செய்ய முடியாதவனைப் பற்றியும் இல்லை. வேலை செய்ய மனமில்லாதவனைப் பற்றித்தான் பேச்சு. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டால் வசனமே வேறாகிவிடுகிறது.

எழுதியவரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதியவர் அல்லர். பவுலுக்குக் கூடாரம் செய்யும் தொழில் இருந்தது. கொரிந்து பட்டணத்தில் அத்தொழிலைச் செய்தே பிழைத்தார். அதே கடிதத்தில், அந்தக் கண்டிப்புக்கு நாலு வரி தள்ளி, நன்மை செய்வதில் சோர்ந்து போகாதீர்கள் என்ற கருத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை! அதுமட்டுமா? எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக ஊர் ஊராகப் பணம் திரட்டியவர் அவர். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் தங்கள் வறுமையிலும் அந்நிதிக்குக் கொடுத்தன என்று பாராட்டி எழுதியுள்ளார். தெசலோனிக்கே அந்த மக்கெதோனியாவின் முக்கியப் பட்டணம். பவுலடியாரும் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனவர்தான் என்று சொன்னால் தவறாகாது.

வசனத்தைத் திரிக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியா பட்டணத்தில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு இருந்தார். கிறிசோஸ்தோம் என்றால் பொன்வாய் என்று பொருள். ஒரு குளிர்காலத்தில் கடைத்தெரு வழியாகக் கோயிலுக்கு வரும்போது, வழியெங்கும் ஏழைகள் கிடப்பதைக் கண்டார். கோயிலுக்கு வந்ததும் தருமத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தார். கோடையிலாவது இவர்களுக்குக் கூலி வேலை கிடைக்கும், குளிர்காலத்தில் யார் கூப்பிடுகிறார்கள், செலவோ அப்போதுதான் அதிகம் என்று கேட்டார். பவுலின் வசனத்தைக் காட்டி ஏழையை விரட்டியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அச்சட்டம் ஏழைக்கு மட்டுமா, உங்களுக்கும்தானே, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர்களையே திருப்பிக் கேட்டார் அவர். ஆயிரத்து அறுநூறு ஆண்டு கழிந்தும் அந்தக் கேள்விக்குப் பங்குதாரர்கள் பதில் சொன்னதாகக் காணோம்.

நமக்குக் குளிர்காலம் கிடையாது. ஆனால் இலை உதிரும் காலம் உண்டு. பால் வற்றிப் போகும். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்து அன்றைக்கு வெட்டு இல்லை. நாட்கூலி முறையில் மழை பெய்தால் மங்கும் காலி, சட்டியும் காலி என்று எத்தனை லயங்கள் கிடந்தன! அந்த மழை நாளில் லயத்து வாசலில் குந்தியிருந்தவனைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் உண்டு. மழையைச் சோம்பேறி என்று ஒருவரும் சொல்லவில்லை.

பத்து காவானை எடுத்துக்கொள்வோம். ஆறுகள் சூழ்ந்த இந்தத் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. செபராங் பிறை என்று இன்று வழங்கும் அந்த வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். வேலைக்கு வராமல் இருப்பதும் தோட்டத்தை விட்டுப் போவதும் அப்போது சட்டப்படி குற்றம். காய்ச்சலில் விழுந்தவனும் ஓடிப்போனவன் என்ற பேரோடு மாஜிஸ்திரேட்டு முன் நிற்க நேரிடலாம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. இதற்கிடையே ரப்பர் வந்தது, கங்காணி வந்தார். 1930-க்குப் பின் ரப்பர் விலை விழுந்தபோது, நேற்று வரை போதாது போதாது என்று ஆள் சேர்த்தவர்கள் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்த இலட்சம் பேரும் ஓர் இரவில் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

சோம்பேறி என்ற பட்டத்தை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே உண்டு. சைட் ஹுசேன் அலாதாஸ் 1977-இல் வெளியிட்டது. வெள்ளைத் துரைமார்களின் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் வராமல் தன் நிலத்தில் உழைத்த மலாய்க்காரனுக்குச் சோம்பேறிப் பட்டம் சூட்டப்பட்ட கதையை அதில் விளக்குகிறார். வந்த தமிழனுக்கோ தலையாட்டி என்ற பட்டம். வந்தாலும் ஏச்சு, வராவிட்டாலும் ஏச்சு.

இயேசுநாதர் சொன்ன திராட்சைத் தோட்டக் கதை நம் பெரட்டுக்களத்தில் நடந்தது போலவே இருக்கும். முதலாளி விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார். பிறகும் பல முறை போய்ப் பிடிக்கிறார். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது போனால், அப்போதும் சிலர் சும்மா நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லையே என்கிறார்கள். அவர்களையும் அனுப்பி, மாலையில் முழுநாள் கூலியே கொடுக்கிறார். கிராணியாக இருந்து கணக்கெழுதும் நமக்கு இது முதலில் உறுத்தத்தான் செய்யும்; செக்ரோலில் ஒரு மணி நேரத்துக்கு முழுப்பேர் போட்டால் மானேஜர் நம்மைச் சும்மா விடுவாரா? ஆனால் கதையின் கணக்கு வேறு. ஒரு நாள் கூலி என்பது ஒரு வீட்டின் ஒரு நாள் சோறு. கடைசியாக வந்தவன் வீட்டுப் பிள்ளைக்கும் முழு வயிறுதானே! 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபமும் இந்தக் கணக்கையே பேசியது. வேறு வழியில்லாமல் தொழிலாளி ஒப்புக்கொண்ட குறைந்த கூலி, ஒப்புக்கொண்டான் என்பதாலேயே நியாயமாகிவிடாது என்று எழுதினார்.

சரி, உண்மையான சோம்பேறியே இல்லையா? இருக்கிறான். மனைவி நிரையில் ஏறி இறங்க, சம்பள நாளில் மட்டும் முன்னால் வந்து நின்று, பணத்தைச் சாராயக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறவனை நாமும் அறிவோம். அவனுக்குப் பணமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. அவன் மனைவி கையில் அரிசியாகக் கொடுங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகமாகக் கொடுங்கள். பவுலின் கண்டிப்பு அவனுக்குப் பொருந்தும். அவன் பிள்ளைக்குப் பொருந்தாது. அவனையும் பகைவனாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லும்படிதான் அந்த அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது.

பத்து காவானில் பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் இரண்டாம் பினாங்குப் பாலம் இங்கேதான் வந்து கரையேறியது. வேலை பெருகியிருக்கிறது, உண்மை. ஆனால் முப்பது ஆண்டு உளி பிடித்த கைக்குக் கணினித் தொழிற்சாலையில் என்ன வேலை கொடுப்பார்கள்? தோட்டம் விற்கப்பட்ட இடங்களிலெல்லாம் வேலையோடு வீடும் போனது. அப்படி நிற்கிறவனைப் பார்த்து வசனம் சொல்லுகிறோம்.

சட்டமே இப்போது இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டிருக்கிறது. 1-1-2018 முதல் சொக்சோவின் கீழ் வேலைக் காப்புறுதித் திட்டம் நடக்கிறது. தானாக வேலையை விட்டவனுக்கு அதில் ஒன்றுமில்லை. ஆட்குறைப்பிலோ நிறுவனம் மூடப்பட்டோ வேலை போனவனுக்கு, தகுதியிருந்தால், முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடும் பின்னர் படிப்படியாகக் குறைத்து ஆறு மாதம் வரையும் கிடைக்கும். தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். ஆகவே இது பிச்சை அல்ல, அவன் கட்டிய பணம். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மலாய் எழுத்தைக் கண்டு தயங்கி அந்த அறுபது நாளைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. மனுவை நிரப்பிக் கொடுக்க ஒரு கிராணிக்கு அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று. நம்மோடு பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத்துக்காரருக்கும் இந்தோனேசியருக்கும் இந்தக் காப்புறுதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அவர்களில் ஒருவர் வேலை இழந்து நின்றால் சங்கப் பட்டியல்தான் துணை. அந்தப் பட்டியலிலும் அவர் பேர் இருக்கட்டும் என்று அடுத்த கிளைக் கூட்டத்தில் நாம் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். மறுப்பவர்கள் எழுந்து காரணம் சொல்லட்டும்.