ஒரு மலை, இரு பெயர்கள்

சபா மாநிலத்தில் 4,095 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கும் கினாபாலு, மலேசியாவின் மிக உயர்ந்த மலையாகும். ‘அக்கி நபாலு’ என்னும் கடசான்டூசுன் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்பது அதன் பொருள்.

ஆனால், மலையின் உச்சிக்கு ‘லோ சிகரம்’ என்று பெயர். லாபுவானில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ, 1851ஆம் ஆண்டு இம்மலையில் ஏறினார். அவர் நினைவாகவே இப்பெயர் சூட்டப்பட்டது. எனினும், அவர் அந்த உச்சியை அடையவே இல்லை. 1888இல் ஜான் வைட்ஹெட் என்பவரே அதனை முதலில் அடைந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன.

பெயர் வெறும் அடையாளம்தானே எனச் சிலர் கருதலாம். ‘லோ’ என்பது ஒருவரின் பயணத்தை மட்டுமே நினைவூட்டுகிறது. ‘கினாபாலு’வோ ஓர் இனத்தின் நம்பிக்கையைச் சொல்கிறது. மலையின் ஆவிகளைச் சாந்தப்படுத்தும் சடங்கை அம்மக்கள் இன்றும் நடத்துகின்றனர்.

சிகரத்தின் பெயரை மாற்றுவது அவசியமன்று. அதைவிட, மலையேறுவோர் அனைவருக்கும் மலைப்பெயரின் பொருளை முதலில் எடுத்துரைப்பதே நன்று. பொருள் உணர்ந்தவர் அங்குக் குப்பை போடமாட்டார். பாறையில் தம் பெயரைக் கிறுக்கவும் மாட்டார்.