செத்தவன் யார்?

நெடுங்காடு கடைத்தெருவில் ஒரு டீக்கடை. சென்ற வாரம் அங்கே இரண்டு வாலிபர்கள் காரசாரமாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் தகராறோ, வரப்புத் தகராறோ என்று எண்ணிப் பக்கத்தில் போனேன். இல்லை! வானத்தில் எங்கோ ஒரு கப்பலில் செத்துக் கிடக்கும் இராட்சதனைப் பற்றிய சண்டை!

"ஏலியன்" என்ற ஆங்கிலப் படம் 1979-ல் வந்தது. ரிட்லி ஸ்காட் எடுத்தது. விண்கப்பலில் போகும் ஏழு பேர், வழியில் ஒரு கோளில் இறங்குகிறார்கள். அங்கே பாழடைந்த அந்நியக் கப்பல். அதனுள் நாற்காலியில் இராட்சதப் பிணம். நெஞ்சு உள்ளேயிருந்து வெளியே வெடித்திருக்கிறது! அவன் யார்? படம் சொல்லவில்லை.

33 ஆண்டு கழித்து, 2012-ல், அதே ஸ்காட் முன்கதையாக "பிராமிதியஸ்" எடுத்தார். அதிலும் அதே மாதிரிக் கப்பல், அதே மாதிரி நாற்காலி. அதில் உட்கார்ந்த இராட்சதனும் நெஞ்சு பிளந்து சாகிறான்.

"அவன்தான் இவன்" என்றார் மூத்த வாலிபர்.

இளையவர் விடவில்லை. "அண்ணே, அந்தக் கோளுக்கு எண் 426. இதுக்கு 223. இவன் நாற்காலியிலா செத்தான்? எழுந்து போய் வேற இடத்திலே செத்தான். இன்னொண்ணு. பழைய படத்துப் பிணம் கல்லாப் போயிருக்கு. முன்கதை நடப்பது 2093-ல். பழைய கதை 2122-ல். 29 வருஷத்திலே உடம்பு கல்லாகுமா?"

துப்பறியும் போலீசார் தோற்றார்கள், போங்கள்!

"வேலையற்ற பேச்சு" என்று பக்கத்திலிருந்த பெரியவர் முணுமுணுத்தார். நான் ஒப்பமாட்டேன். காசு கொடுத்துப் படம் பார்க்கிறவன் கணக்குக் கேட்டால் என்ன தப்பு? மளிகைச் சீட்டைக் கூட்டிப் பார்ப்பதில்லையா?

குழப்பியது ரசிகர் அல்ல. 2017-ல் "ஏலியன்: கவனன்ட்" என்று இன்னொரு படம். கதை நடப்பது 2104-ல். அந்தக் கொடிய பிராணியை ஓர் இயந்திர மனிதன் உருவாக்கினான் என்று அது காட்டுகிறது. அப்படியானால் கல்லாய்ப்போன அந்தப் பழையவனைக் கொன்றது எது? முன்கதை எழுதுகிறவர் புதுக் கிளை விடட்டும்; வேரில் கை வைக்கலாமா?

நம் ஊர்ப் படங்களும் இதில் சளைத்தவை அல்ல. "டிமான்டி காலனி" 2015-ல் வந்தது. இரண்டாம் பாகம் 2024-ல். இரண்டையும் எடுத்தவர் அஜய் ஞானமுத்து. இரண்டாவது, முதற்கதைக்கு முன்னும் போகிறது, பின்னும் போகிறது. அருள்நிதி இரட்டையராக வருகிறார். என் மகள் உடனே கேட்டாள்: "அப்பா, போன படத்திலே இந்த அண்ணன் எங்கே போயிருந்தார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் அன்றிரவு வீட்டில் ஒருவரும் தொலைக்காட்சியைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

டீக்கடையில் விளக்குப் போட்டார்கள். வாலிபர்கள் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்கள். முணுமுணுத்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்களை நிறுத்தினார்.

"ஏன் தம்பி, அப்போ நாற்காலியிலே செத்துக் கிடந்தானே, அவன் யாருப்பா?"