சொன்ன பேச்சு கேக்காத பேஷண்ட்டும், சொல்லவே சொல்லாத ஆஸ்பத்திரியும்

"ஷுகர் பேஷண்ட்டுங்க சொன்ன பேச்சே கேக்கறதில்ல சார்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. கேஸ் ஷீட்ல இதுக்கு 'நான்-கம்ப்ளையன்ட்'னு கௌரவமா ஒரு பேர் வேற. சரி மக்களே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சொன்ன பேச்சைக் கேக்கலைங்கறீங்களே, முதல்ல யாராவது சொன்னாங்களா?

கால்ல புண்ணுன்னு அட்மிட் ஆகி, புதுசா இன்சுலினோட வீட்டுக்குப் போற ஒரு பெரியவரை எடுத்துக்குங்க. பில் கட்டியாச்சு, ஆட்டோ வாசல்ல நிக்குது. அப்பத்தான் இங்கிலீஷ்ல ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில குடுத்து, "காலைல 20, ராத்திரி 10, சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்குங்க, புரிஞ்சுதா?"ன்னு கேப்பாங்க. அவரும் தலையாட்டுவார். முடிஞ்சது கதை.

இதுல என்ன பெரிய ஆபத்துன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நம்ம நாட்டுல பாட்டில்ல வர்ற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுல போடற கார்ட்ரிட்ஜ்ல மில்லிக்கு 100. சிரிஞ்சும் ரெண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக் கடைல மாத்திக் குடுத்துட்டா? 40 பாட்டில்லேர்ந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சுல 20-ங்கற கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது வெறும் 8 யூனிட். 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல அதே 20 கோடு வரைக்கும் இழுத்தா 50 யூனிட்! முதல் கேஸ்ல ஷுகர் இறங்காது. ரெண்டாவது கேஸ்ல ஆளே மயங்கி விழுவார், உயிருக்கே ஆபத்து. ரெண்டுலயும் அந்தப் பெரியவர் "20 தான் போட்டேன்"னு சத்தியம் பண்ணுவார். அவர் சொல்றது பொய்யும் இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட "ஃப்ரிட்ஜ்ல வைங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. அவர் பத்திரமா ஃப்ரீசர்ல வெச்சார். உறைஞ்ச இன்சுலினைத் தூக்கித்தான் போடணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி அட்மிட் ஆனப்ப கிடைச்ச பட்டம் 'அலட்சியம்'.

"படிக்காத ஜனங்க, சொன்னாலும் புரியாது"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். ஐயா, பூச்சி மருந்தை டேங்குக்கு எத்தனை மூடின்னு அளந்து ஊத்தி விவசாயம் பண்றவருக்கு சிரிஞ்சுல கோடு பாக்கத் தெரியாதா? பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள் இல்லைங்கறதுதான் நிஜம்.

அதுக்காக நர்சுங்க மேல பாயவும் நான் தயாரில்ல. நோயாளிக்குச் சொல்லிக் குடுக்கறது அவங்க பாடத்திட்டத்துலயே இருக்கு, அவங்களுக்கு நல்லாவே தெரியும். இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டுல போதனா மருத்துவமனைன்னா 3 பேருக்கு ஒரு நர்ஸ், மத்த இடத்துல 5 பேருக்கு ஒருத்தர். உங்க ஊர் ஆஸ்பத்திரில ராத்திரி போய் எண்ணிப் பாருங்க. ஒரு வார்டையே ஒத்த ஆளா ஓட்டற சிஸ்டர், எங்கேர்ந்து உக்காந்து பாடம் நடத்துவாங்க? ஆனா பில்லுல மட்டும் 'நர்சிங் சார்ஜ்' தவறாம வந்துடும் :-)

இதுக்கு வெளிநாட்டு மெஷின் எதுவும் வேணாம். அட்மிட் ஆன ரெண்டாம் நாள்லேர்ந்தே ஆரம்பிங்க. வீட்டுல யார் ஊசி போடப் போறாங்களோ, மகளோ மருமகளோ, அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க, "நீங்க போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. தப்பாப் பண்ணினா திரும்பச் சொல்லிக் குடுங்க. ஒரே இடத்துல குத்தாம இடம் மாத்தறது, திடீர்னு வேர்த்து நடுங்கினா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைக் கரைச்சுக் குடிக்கறது, மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது... இதையெல்லாம் தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சுக் குடுங்க. தினம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆள் போடுங்கன்னு நிர்வாகத்தைக் கேளுங்க.

மருந்து எழுதறது பாதி வைத்தியம். போட்டுக்கக் கத்துக் குடுக்கறது மீதி. பாதியை முழுங்கிட்டு, பழியை மட்டும் பேஷண்ட் தலைல கட்டாதீங்க.

உங்க வீட்டுல யாரையாவது டிஸ்சார்ஜ் பண்ணினா, சிஸ்டர் முன்னாடி நீங்களே ஒரு தடவை மருந்தை இழுத்துக் காட்டாம ஆட்டோல ஏறாதீங்க.

டிஸ்கி: இதுல வர்ற யூனிட்டெல்லாம் கணக்குக்குத்தான். உங்க அளவை டாக்டர்கிட்ட மட்டும் கேளுங்க.